தென்னை மரத்தில் இருந்தே விழுந்திருக்கலாம்

சனிக்கிழமை விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி, பகல் முழுக்க ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு தடவைகூடக் குதிக்காமல் வீடு திரும்பியிருக்கிறேன். என் கணக்கில் இப்படிப் பதினோரு சனிக்கிழமைகள். ஸ்கைடைவிங் என்றதும் எல்லோருக்கும் விமானத்தின் கதவும் அலறலும்தான் நினைவுக்கு வரும். உள்ளே போய்ப் பார்த்தால் அது முக்கால்வாசி காத்திருப்பு. காற்று குறையட்டும், மேகம் விலகட்டும், அடுத்த லோடில், அதாவது விமானத்தின் அடுத்த நடையில், இடம் கிடைக்கட்டும் என்று. பயிற்சி மாணவர்கள் என்றால் மணிக்கு 14 மைலுக்கு மேல் காற்று வீசும்போது குதிக்கக் கூடாது என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதி. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் கோடையில் மதியம் தாண்டினால் கடல் காற்று மலை இடுக்குகள் வழியே புகுந்துவிடும். காற்றைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பை விறைத்துக்கொண்டு நிற்கும். காலை முதல் இரண்டு லோடில் ஏறாத மாணவருக்கு அன்றைக்கு பெஞ்சுதான்.

ஆசையாக வந்து விசாரிக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சும்மா உட்காரத் தெரியுமா? பயம் எல்லோருக்கும் இருக்கும், ஒரு பத்து தடவையில் பழகிவிடும். காசு கட்டி, லீவு போட்டு, அவ்வளவு தூரம் வந்தபின் "இன்று வேண்டாம்" என்று சொல்வது பத்து தடவையில் பழகாது.

நான் பொள்ளாச்சிப் பக்கம். சான் ஹோசேயில் மென்பொருள் வேலை. 2016-ல், முப்பத்தாறு வயதில், அலுவலகத் தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு டேண்டம் குதிக்கப் போகிறேன் என்றாள். துணைக்குப் போனேன். பயிற்சியாளரின் மார்போடு என்னைக் கட்டிக் கீழே இறக்கினார்கள். எனக்கு மட்டும் அது போதவில்லை. அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "காசு குடுத்து மேல போயி கீழ உழுகறதுக்கு, நம்ம தோப்புல தென்னமரத்துல இருந்தே உழுந்திருக்கலாமே கண்ணு."

அம்மாவின் அடுத்த கேள்வி தாலியைப் பற்றியது. மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் கூடாது என்பது குதிக்கும் இடமான டிராப் ஸோனில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. கதவு விளிம்பில் மோதிரம் மாட்டினால் விரல் போய்விடும். கழுத்துச் சங்கிலி எந்த வாரில் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்னலையும் ஜம்ப்சூட்டுக்குள் திணித்து ஜிப் போட வேண்டும். "கழட்டி கார்லயா வெக்கிற?" என்று கேட்டாளே தவிரத் திட்டவில்லை. அடுத்த மாதம் ஊரில் இருந்து வந்த ஒருவரிடம் ஒரு மஞ்சள் கயிறு கொடுத்து அனுப்பியிருந்தாள். "இதப் போட்டுக்க. சிக்குச்சுன்னா கயிறு அறுந்துரும், கழுத்து தப்பிச்சுக்கும்." இதைவிடத் தெளிவாகப் பாதுகாப்புப் பொறியியலை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நான் கற்றது ஏ.எஃப்.எஃப். (ஆக்சிலரேட்டட் ஃப்ரீஃபால்) முறையில். ஒரு நாள் தரையில் பாடம், அதன்பின் ஏழு படிகள். முதல் மூன்று படிகளில் இரண்டு பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டே கூட விழுவார்கள். 13,000 அடியில் வெளியே, 5,500 அடியில் பாராசூட் குடையை விரிக்க வேண்டும். நடுவில் இருப்பது முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடத்தில் நான் செய்ய வேண்டியவை மொத்தமே நாலு வேலை. தரையில் முப்பது தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். மேலே போனதும் மூளை வெள்ளைக் காகிதமாகிவிட்டது. பயிற்சியாளர் என் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் காட்டியபின்தான் கையில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் கட்டியிருப்பதே ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் அப்படி ஆனதாக வெட்கப்பட்டேன். பிறகு பார்த்தால் டாக்டரில் இருந்து தீயணைப்புக்காரர் வரை எல்லோருக்கும் இதே கதைதான். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது புதிதாக யோசிக்க முடியாது. ஏற்கெனவே யோசித்து வைத்தது கைக்கு வந்தால் உண்டு.

நாலாம் படியில் இரண்டு தடவை தோற்றேன். பிடித்திருந்த கை விட்டதும் பம்பரம் மாதிரி இடப்பக்கம் சுற்ற ஆரம்பித்தேன். காரணம் ஒரு கால் மட்டும் மடங்கியிருந்தது. வீடியோவில் பார்த்தபின்தான் எனக்கே தெரிந்தது. மூன்றாவது முயற்சிக்கு முன்னால் யூனியன் சிட்டியில் இருக்கும், கீழிருந்து அடிக்கும் காற்றில் ஆளை மிதக்க விடும் காற்றுச் சுரங்கத்தில் பதினைந்து நிமிடம் வாங்கினேன். செலவுதான். ஆனால் வானத்தில் ஒரு குதிப்புக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் என்று வைத்தால், பதினைந்து குதிப்புகளின் பழக்கம் ஒரே மாலையில் கிடைத்துவிடுகிறது. படியில் தோற்று மறுபடி பணம் கட்டுவதைவிட அது மலிவு. ஏ உரிமம் என்ற முதல் உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். எனக்கு 31 ஆயிற்று, சுமார் 3,400 டாலர்.

உடம்பு சம்பந்தமாக நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பயத்தில் சாப்பிடாமல் வருகிறவர்கள்தான் விமானத்தில் வெளிறிப் போகிறார்கள். எனக்கு இரண்டு இட்லி சரியான அளவு. சளி பிடித்திருந்தால் குதிக்கவே கூடாது. ஒரு நிமிடத்துக்குள் எட்டாயிரம் அடி இறங்கும்போது அடைத்த காது திறக்க வழியே இருக்காது. ஒரு முறை "லேசான சளிதானே" என்று போய்விட்டு மூன்று நாள் இடது காதில் கிணற்றுக்குள் இருந்தேன். அப்புறம், நான் ஐந்தடி ஒரு அங்குலம், ஐம்பது கிலோகூட இல்லை. கூடக் குதிக்கிறவர்கள் கீழே போய்க்கொண்டே இருப்பார்கள், நான் மேலேயே மிதப்பேன். அதற்கென்று ஈயக் குண்டுகள் தைத்த ஒரு பெல்ட் உண்டு. எடை கூட்டுவதற்காகக் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள்.

குடையை மடிப்பது தனிக் கலை. எனக்கு அது பழகியதற்குக் காரணம் சேலை. குடையில் காற்று நிரம்பும் ஒவ்வொரு அறையின் துணியையும் இழுத்து, கயிறுகளை நடுவில் வைத்து, மடிப்பு மடிப்பாக அடுக்கும்போது கை தானாகக் கொசுவம் வைக்கிறது. முதல் தடவை ஒன்றேகால் மணி நேரம் ஆனது, வரவேற்பறைக் கம்பளத்தில். காற்றைப் பிதுக்க என் மகள் அதன்மேல் படுத்து உருண்டாள். கயிறுகளின் நடுவே ஸ்லைடர் என்று ஒரு செவ்வகத் துணி இருக்கிறது. குடை ஒரே அடியாக விரியாமல் அது மெல்ல இறங்கி வேகத்தைத் தணிக்கும். அதைக் கடைசிவரை மேலே தள்ளி வைக்காவிட்டால் திறக்கும் அடியில் பல் கிட்டிப்போகும். இப்போது எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அதற்குக் கீழே போக வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். காரணம் என் 112-வது குதிப்பு.

அன்றைய ஐந்தாவது குதிப்பு அது. கடைசி லோடுக்கு இருபது நிமிடம் என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் பன்னிரண்டு நிமிடத்தில் மடித்து முடித்தேன். குடையைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் பிரேக் கயிறுகளை ஒழுங்காக ஒதுக்கி வைத்தேனா என்று ஒரு சந்தேகம் வந்தது, சரி என்று மூடிவிட்டேன். மேலே 4,000 அடியில் விரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், செவ்வகமாக இருக்க வேண்டிய குடை நடுவில் கயிறு கட்டி இறுக்கிய தலையணை மாதிரி இருந்தது. ஒரு பிரேக் கயிறு முன்விளிம்பைத் தாண்டிப் போய் விழுந்திருந்தது. இடப்பக்கம் சுழற்சி, ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடுகிறது. ஆல்டிமீட்டர் 3,400. இரண்டு பிரேக்கையும் இழுத்து விட்டேன். அசையவில்லை. 2,900. இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமே என்று ஒரு குரல் மிக நயமாகச் சொன்னது. அந்தக் குரலை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அதில் பதற்றமே இல்லை, பேரம் பேசுகிற குரல்.

என் கோடு 2,500 அடி. அதற்குக் கீழே யோசனை கிடையாது என்று தரையில் முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு குதிப்பு நாள் காலையிலும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் மெயின் குடையைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடி, இடப்பக்கம் ரிசர்வ் என்கிற மாற்றுக் குடையைத் திறக்கும் வெள்ளிப் பிடி என்று தொட்டுப் பார்ப்பது வழக்கம். கை போயிற்று. சிவப்புப் பிடியை உரித்து இழுத்ததும் தோள்பட்டையில் பிடித்திருந்த பாரம் அறுந்து, ஒரு கணம் சத்தமில்லாமல் விழுந்தேன். வெள்ளிப் பிடியைக் கை எட்டுவதற்குள் ரிசர்வ் குடை விரிந்துவிட்டது. மெயின் குடை கழன்று போகும் விசையிலேயே ரிசர்வைத் திறக்கும் ஒரு வார் இருக்கிறது, அது முந்திக்கொண்டது. ஆனாலும் வெள்ளியையும் இழுத்தேன். அப்படித்தான் பழக்கம்.

இறங்கியது ஒரு தக்காளித் தோட்டத்தில், முழங்கால்வரை சேறு. எழுந்து நின்றபின்தான் கால் நடுங்கியது.

சிவப்புப் பிடியை இழுத்ததும் மெயின் குடையை விடுவித்த, தோளில் உள்ள அந்த இணைப்பை நான் அடிக்கடி கழற்றிப் பார்ப்பேன். 1970-களில் பில் பூத் என்பவர் வடிவமைத்தது. பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு சிறு கயிற்றுக் கண்ணி. வளையத்துக்கு வளையம் பாரம் குறைந்துகொண்டே வந்து, ஆளின் மொத்த எடையும் சுழற்சியின் இழுப்பும் கடைசியில் அந்தக் கண்ணியில் ஒரு சின்ன விசையாக நிற்கும். அதனால்தான் ஐம்பது கிலோ ஆள் இரண்டு கையால் இழுத்தால் கழல்கிறது. மாதம் ஒரு தடவை அதைப் பிரித்து, வார்களைக் கையால் நீவி, திரும்பக் கோக்க வேண்டும். பலர் செய்வதில்லை. ஐந்து நிமிட வேலை.

ரிசர்வ் குடையை நாமே மடிக்க முடியாது. உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிப்பார், 180 நாளைக்கு ஒரு முறை, பயன்படுத்தாவிட்டாலும். உயிர் காத்த ரிசர்வை மடித்தவருக்கு ஒரு பாட்டில் மதுபானம் கொடுப்பது இந்த ஊர் மரபு. விஸ்கி வாங்கிப் போய்க் கொடுத்தேன், கூடவே வீட்டில் செய்த மைசூர்பாகு ஒரு டப்பா. அதற்குப் பின் என் ரிக்கர் ஒவ்வொரு 180 நாளும் டப்பாவை மட்டும் கேட்கிறார்.

விமானம் ஓட்டக் கற்றதற்கும் காரணம் இந்தக் குதிப்புதான், அதுவும் ஒரு குதிக்காத குதிப்பு. மாணவியாக இருந்தபோது ஒரு நாள் 13,000 அடி ஏறியபின் கீழே மேகம் மூடிக்கொண்டது. மேகத்துக்குள் குதிக்க சட்டம் இடம் தராது. எல்லோரும் விமானத்தோடு இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது பார்க்க வேண்டும் முகங்களை. இருநூறு, முந்நூறு குதிப்பு பார்த்தவர்கள் எல்லாம் இருக்கை வாரை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். விமானத்தில் ஏறிப் பழகியவர்கள், அதில் இறங்கிப் பழகாதவர்கள்! விமானி வேண்டுமென்றே மெதுவாக இறக்கினார். மாணவர்களின் முதுகில் இருக்கும் தானியங்கிக் கருவி தரைக்கு அருகில் வேகமாக இறங்கினால் ஆள் விழுவதாக நினைத்து ரிசர்வைத் திறந்துவிடும், விமானத்துக்குள்ளேயே. அந்த அரை மணி நேரமும் நான் விமானியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018-ல் சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். செஸ்னா 172. 1956-ல் இருந்து 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட விமானம். உலகில் அதிகம் செய்யப்பட்டதும் அதுதான். நம் ஊர் டி.வி.எஸ். 50 மாதிரி, எதையும் மன்னிக்கும். தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டப்படி 40 மணி நேரம் போதும். யாருக்கும் அதில் முடிவதில்லை. எனக்கு 78 மணி நேரம், பதினான்கு மாதம், ஏறக்குறைய 17,000 டாலர். விட்டு விட்டுப் படிப்பதுதான் பெரிய செலவு. இரண்டு வாரம் போகாவிட்டால் போன பாடத்துக்கு மறுபடி காசு கட்டுகிறோம். கையில் முழுப் பணமும் சேரும்வரை தொடங்காதீர்கள் என்றே சொல்வேன்.

மருத்துவப் பரிசோதனை பெரிதாக இல்லை. ஆனால் மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். நம் வீட்டு அலமாரிகளில் தவறாமல் இருக்கும் செட்ரிசின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இங்கே விமானம் ஓட்டக் கூடாது, அது தூக்கம் தருவது என்பதால். தும்மல் வந்து நான் அதைப் போட்டால் அந்த வார இறுதி போயிற்று.

உயரம் என் பிரச்சினை. முதுகுக்கு ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மெத்தை வைத்தால்தான் மூக்குக்கு மேலாக ரன்வே தெரியும். எரிபொருள் இறக்கைக்குள் இருக்கிறது. ஏறிப் போய் அளவுக்குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை இறக்கைக்கு அடியில் குழாயில் பிடித்துப் பார்த்தபோது, நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டது. தண்ணீர். மூடி சரியாக உட்காராமல் மழைநீர் இறங்கியிருக்கிறது. மூன்று முறை பிடித்துக் கொட்டியபின்தான் சுத்தமான நீலம் வந்தது. மேலே எஞ்சினுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். (அந்த நீலப் பெட்ரோலில் ஈயம் உண்டு. சுற்றுப்புறக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் தெரிந்ததால் 2022 ஜனவரியில் இருந்து ரீட்-ஹில்வியூவில் அதை விற்பதில்லை. எங்களில் பலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.)

குதித்துப் பழகிய கண் விமானத்தைத் தரையிறக்க உதவியது. குடையில் இறங்கும்போதும் சரி, விமானத்திலும் சரி, காலடியைப் பார்த்தால் கணக்குத் தப்பும். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் தனிப் பறப்பு 31-வது மணி நேரத்தில். மூன்று சுற்று. பயிற்சியாளர் இறங்கிக்கொண்டதும் விமானம் காற்றாடி மாதிரி ஏறியது. திரும்பி வந்ததும் மரபுப்படி என் குர்தாவின் முதுகுத் துணியைக் கத்தரித்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டினார்.

ஆனால் அதே பழக்கம் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது. உரிமம் வாங்கி மூன்று மாதம் இருக்கும். தனியாக ஒரு கடலோர நிலையத்துக்குப் போயிருந்தேன், குறுக்குக் காற்று அதிகம். தரையை நெருங்கும்போதே வேகம் கூடுதல், நேர்கோட்டிலும் இல்லை. எஞ்சினை முடுக்கி மேலே போய் இன்னொரு சுற்று வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ இறங்கியே தீர வேண்டும் என்று தோன்றியது. விமானம் தட்டி எழும்பி, மறுபடி தட்டி, மூன்றாவது முறை உட்கார்ந்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் ஒரு டயர் தேய்ந்து தட்டையானது. பில் வந்தது, கட்டினேன். என் பயிற்சியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "குடையில் இறங்கும்போது உனக்கு எத்தனை வாய்ப்பு?" ஒன்று. "அதான். இங்கே எஞ்சின் இருக்கிறது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குதிப்பில் கோடு வெளியில் இருக்கிறது. 2,500 அடி என்பதைக் கருவி காட்டும், தரை நெருங்கி வரும், முடிவெடுக்கத் தள்ளும். விமானம் ஓட்டும்போது அப்படி ஒரு கோடு கிடையாது. எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பேரம் பேசும் அந்தக் குரலுக்கு மணிக்கணக்கில் நேரம் இருக்கும். ஆகவே கோட்டை நானே போட வேண்டும். ஒரு அட்டையில், தமிழில், பேனாவால் எழுதித் தொடையில் கட்டும் பலகையில் ஒட்டினேன் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்):

குறுக்குக் காற்று 10 நாட் வேகத்துக்கு மேல் இல்லை. மேகம் 3,000 அடிக்குக் கீழ் இல்லை. இறங்கும்போது ஒரு மணி நேர எரிபொருள் மிச்சம். ஆறு மணி நேரத் தூக்கம். செட்ரிசின் போட்டால் இல்லை. யார் கேட்டாலும் இல்லை.

பகலில் அரை மணி நேர எரிபொருள் மிச்சம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். 15 நாட் குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்டியதாகச் செஸ்னாவின் கையேடு சொல்கிறது. என் அட்டை இரண்டைவிடவும் கஞ்சம். இறக்கிக் காட்டியவர் தொழில்முறை விமானி, நான் ஞாயிற்றுக்கிழமை விமானி.

கடைசி வரி மாமனார், மாமியார் வந்திருந்தபோது சேர்த்தது. கடலை மேலே இருந்து காட்டுகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். மலையைத் தாண்டினால் ஹாஃப் மூன் பே நிலையம், ரன்வேக்குப் பக்கத்திலேயே பசிபிக். அன்று மலை முகட்டைத் தாண்டியதும் கடற்கரை முழுக்க வெள்ளைப் பஞ்சு விரித்திருந்தது. நிலையத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு ஓட்டை, அதற்குள் ரன்வேயின் ஒரு துண்டு தெரிகிறது. "அதோ தெரியுதே, அதுக்குள்ள எறங்கிரலாமே" என்றார் அத்தை. விமானிகள் இப்படிப்பட்ட ஓட்டையை ஏமாளிக் குழி என்பார்கள். உள்ளே போனபின் மேலே மூடிக்கொள்ளும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாதவர் மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-ல் சோதித்தார்கள். இருபது பேர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு சாய்ந்ததை நேர் என்று அடித்துச் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

திருப்பினேன். பின் இருக்கையில் இருந்து மாமா சொன்னார்: "மொதல்லயே கார்ல வந்திருக்கலாம்ல." அன்று மாலை காரில்தான் போனோம், ஒரு மணி நேரம். கடற்கரையில் அவருக்குச் சளி பிடித்தது.

எது அதிக ஆபத்து என்று கேட்கிறார்கள். வீட்டில் எல்லோரும் குதிப்பதற்குப் பயப்படுகிறார்கள், ஓட்டுவதற்கு யாரும் பயப்படுவதில்லை. 2023-ல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் பத்து பேர் இறந்தார்கள். சிறு விமானங்களில் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு உயிர்ப்பலி விபத்து. தோராயமாகப் போட்டுப் பார்த்தால் நாலு குதிப்பும் ஒரு மணி நேரப் பறப்பும் ஒரே தட்டில் நிற்கின்றன. இன்னொன்று: குதிப்பவர்களில் இறப்பவர் பலருக்கும் குடை நன்றாகத்தான் விரிந்திருக்கிறது. சின்னக் குடையை வாங்கிக்கொண்டு, தரைக்கு அருகில் வேகமாகத் திரும்பி, அடிபடுகிறார்கள். அதனால் நான் 280 குதிப்புக்குப் பிறகும் பழைய பெரிய குடையையே வைத்திருக்கிறேன். மெதுவாக இறங்குகிறாய் என்று கிண்டல் உண்டு. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். எனக்குத் தவணை கூடியது, கட்டுகிறேன். மறைத்து மிச்சம் பிடித்தால், வேண்டிய நாளில் வீட்டுக்காரர் கையில் ஒன்றும் இருக்காது.

போன வருடம் அம்மா வந்தாள். குதிப்பதைப் பார்க்க வர மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள், விமானத்தில் மட்டும் வருகிறேன் என்றாள். காலையிலேயே எழுந்து புளிசாதம் கட்டினாள். நிலையத்தில் நான் இறக்கையில் ஏறிக் குச்சி விட்டுப் பார்ப்பதை, அடியில் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பதை, சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பதை எல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்க இருக்கையில் உட்கார வைத்து வாரை மாட்டினேன். பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் காது ஒலிவாங்கியில் நிலையத்தின் காற்று விவரத்தைக் கேட்டு, கோணம் போட்டுப் பார்த்தேன்.

"காத்து எவ்வளவு கண்ணு?"

"குறுக்க பன்னண்டும்மா. கொஞ்சம்தான் ஜாஸ்தி."

"இதுல பத்துன்னு எழுதி வெச்சிருக்கற."

"ஆமா."

"அப்பறம் என்ன. எறங்கு, சோத்துப் பைய எடு."

செஸ்னாவின் இறக்கை உயரத்தில் இருப்பதால் அடியில் நல்ல நிழல். தார்த் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். காற்றுப் பை படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அப்பளத்தை நொறுக்கி என் தட்டில் போட்டாள்.